9 லட்சம் ஓடிய 2515-க்கு சிந்தடிக் ஆயில் ஊற்றலாமா?

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிப் போட்டுவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். வண்டி 2006 மாடல் டாடா 2515, பத்துச் சக்கரம், 5.9 லிட்டர் ஆறு சிலிண்டர் கம்மின்ஸ் எஞ்சின், பம்பு, நாசில் எல்லாம் பழைய மெக்கானிக்கல். 9 லட்சம் கிலோமீட்டர் தாண்டியாயிற்று, நடுவில் ஒரு தடவை எஞ்சின் பிரித்து வேலை பார்த்திருக்கிறீர்கள். சாதா மினரல் 15டபிள்யூ-40 ஊற்றி 18,000-க்கு ஒரு தடவை மாற்றுகிறீர்கள், 2,000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் டாப்-அப் போகிறது. இப்போது ஆயில் கடைக்காரர் 5டபிள்யூ-40 ஃபுல் சிந்தடிக் போடுங்கள், 40,000 வரைக்கும் தொடவே வேண்டாம் என்கிறார். உங்கள் மெக்கானிக்கோ, பழைய எஞ்சினுக்கு சிந்தடிக் ஊற்றினால் ஆயில் ஒழுகாமல் அடைக்கிற ரப்பர் சீல் எல்லாம் போய்விடும், மிச்சம் இருக்கிற மினரலோடு கலந்தால் தயிராகத் திரிந்துவிடும் என்று பயமுறுத்துகிறார்.

ரெண்டு பேர் சொல்வதிலும் பாதிக்கு மேல் தப்பு. ஊற்றினால் எஞ்சினுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் உங்கள் வண்டிக்கு நான் ஊற்ற மாட்டேன். ஏன் என்பதுதான் கொஞ்சம் நீளம்.

தயிர் கதையை முதலில் முடித்துவிடலாம். எஞ்சின் ஆயிலில் மினரலும் சிந்தடிக்கும் ஒன்றோடொன்று கலக்கும், கலக்க வேண்டும் என்பது ஏபிஐ, அதாவது அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பு வகுத்த தரத்துக்கான சோதனையிலேயே இருக்கிறது. செமி-சிந்தடிக் என்று விற்கிறார்களே, அது என்ன? ரெண்டையும் கலந்ததுதான். எத்தனை சதவீதம் எது என்று டப்பாவில் பெரும்பாலும் இருக்காது, அது வேறு விஷயம். ஆயில் மோர் மாதிரி வெளுத்து வந்தால் அது சிந்தடிக் செய்த வேலை இல்லை, உள்ளே தண்ணீர் போகிறது என்று அர்த்தம். ஆயில் கூலரையும் ஹெட் கேஸ்கெட்டையும் பாருங்கள்.

சீல் விஷயம் மட்டும் முழுப் பொய் இல்லை, ஒரு காலத்தில் உண்மையாக இருந்தது. 1970-களில் சிந்தடிக் எஞ்சின் ஆயில்கள் கடைக்கு வந்தபோது சிலவற்றில் அடிப்படை எண்ணெய் பிஏஓ, அதாவது ஆலையில் செயற்கையாகக் கட்டிய எண்ணெய். மினரல் ஆயிலில் ஊறி லேசாக உப்பிப் பழகிய ரப்பர் சீல், பிஏஓ-வில் சுருங்கி இறுகும். அதனால் ஒழுகல் வந்தது. அப்புறம் எஸ்டர் போன்றவற்றைக் கொஞ்சம் சேர்த்து, சீல் சுருங்காதபடி கலவையைச் சரிசெய்துவிட்டார்கள். இன்று சிஐ-4 (டீசல் எஞ்சின் ஆயிலுக்கான ஏபிஐ தரம் ஒன்று) என்று முத்திரை குத்திய எந்த ஆயிலும், மினரலோ சிந்தடிக்கோ, சீல் ரப்பரை அதில் ஊறப்போட்டுச் சோதித்துத்தான் வெளியே வருகிறது. ஐம்பது வருஷத்துக்கு முந்தைய பிரச்சினையைப் பட்டறையில் இன்னும் சொல்லிக்கொண்டு இருக்கிறோம்.

ஆனாலும் ஆயில் மாற்றியதும் ஒழுகுகிறது என்று சொல்கிறவர்கள் எல்லோரும் கற்பனை செய்யவில்லை. அதற்கு வேறு காரணம் இருக்கிறது. 15டபிள்யூ-40, 5டபிள்யூ-40 ரெண்டுக்கும் கடைசி எண் 40 தானே. எஞ்சின் சூடாகி ஆயில் 100 டிகிரியில் இருக்கும்போது ரெண்டும் ஏறக்குறைய ஒரே கனம். வித்தியாசம் ஆறியிருக்கும்போதுதான். ராத்திரி செட்டில் நிற்கிற வண்டியில் 5டபிள்யூ ஆயில் 15டபிள்யூவைவிட இளக்கமாக இருக்கும், ஏற்கெனவே தேய்ந்த சீல் வழியாகச் சுலபமாக வரும். காலையில் வண்டிக்கு அடியில் நாலு சொட்டுக்குப் பதில் பத்துச் சொட்டு. உடனே சிந்தடிக் சீலைத் தின்றுவிட்டது என்று பேச்சு வரும். சீல் முன்னாடியே போயிருந்தது, இப்போது கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவுதான். உங்கள் எஞ்சினில் பம்புக்குப் பின்னால் ஒளிந்திருக்கிற டேப்பெட் கவர் கேஸ்கெட் ஒன்று இருக்கிறது, அது ஒழுகுவதில் பேர்போனது. பம்பைக் கழற்றாமல் கை போகாத இடம் என்பதால் யாரும் தொட மாட்டார்கள். அங்கே ஒழுகி வழிந்து பின்னால் வருவதைப் பார்த்துவிட்டு எஞ்சினின் பின்பக்க ரியர் சீல் போய்விட்டது என்று கியர்பாக்ஸை இறக்கியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

நானே ஒரு தடவை ஏமாந்திருக்கிறேன். என் பழைய வண்டி ஒன்று லோடு இல்லாமல் ஒன்றரை மாதம் நின்றது. எடுக்கும்போது புது ஆயில் ஊற்றினோம், அதுவும் சிந்தடிக், ஒருத்தர் சும்மா கொடுத்தார் என்று. மூன்றாவது நாள் எஞ்சினும் கியர்பாக்ஸும் சேருகிற பெல் ஹவுசிங் பக்கம் ஆயில் கொட்டுகிறது, டிப்ஸ்டிக் குழாய் வழியாகவும் கக்குகிறது. பட்டறையில் ஆளாளுக்கு சிந்தடிக்கைத் திட்டினார்கள், நானும் சேர்ந்து திட்டினேன். கியர்பாக்ஸ் இறக்க ஜாக்கி வைத்தாயிற்று. அப்போது குழிக்குள் நின்ற பையன் பிரீதர் பைப்பின் நுனியைப் பிடித்து, 'அண்ணா, இதுக்குள்ள மண்ணு இருக்குது' என்றான். குளவிக் கூடு. வண்டி சும்மா நின்ற நாட்களில் குளவி உள்ளே போய் வீடு கட்டி, வாயைக் களிமண்ணால் மெழுகி அடைத்துவிட்டுப் போயிருக்கிறது. பிஸ்டன் ரிங் வழியாகக் கீழே இறங்குகிற காற்று அந்தப் பைப் வழியாகத்தான் வெளியே போக வேண்டும், அதற்கு வழியில்லை, ஆயில் நிற்கிற சம்புக்குள் அழுத்தம் ஏறி, கிடைத்த இடத்தில் எல்லாம் ஆயிலைத் தள்ளியிருக்கிறது. ஒரு கம்பியை விட்டுக் குத்தி எடுத்ததும் ஒழுகல் நின்றது. அதே சீல், அதே சிந்தடிக் ஆயில்.

சரி, சிந்தடிக் என்றால் என்ன என்பதில் ஒரு சின்ன வேடிக்கை. கச்சா எண்ணெயைச் சுத்திகரித்து எடுப்பது முதல் ரெண்டு ரகம், அதுதான் மினரல். அதையே ஹைட்ரஜன் கொண்டு கடுமையாகப் பதப்படுத்தி எடுப்பது மூன்றாம் ரகம். சின்ன மூலக்கூறுகளைக் கோத்துப் புதிதாகக் கட்டுகிற பிஏஓ நாலாம் ரகம். மூன்றாம் ரகத்தை சிந்தடிக் என்று விற்கலாமா கூடாதா என்று அமெரிக்காவில் மொபிலும் காஸ்ட்ராலும் மோதிக்கொண்டன. 1999-ல் அங்கே விளம்பரப் புகார்களை விசாரிக்கிற அமைப்பு, விற்கலாம் என்று காஸ்ட்ரால் பக்கம் சொல்லிவிட்டது. அதற்கு அப்புறம் கடையில் ஃபுல் சிந்தடிக் என்று இருப்பதில் பெரும்பகுதி இந்த மூன்றாம் ரகம்தான். மோசம் என்று சொல்ல வரவில்லை, நல்ல ஆயில்தான். ஆனால் அந்த வார்த்தைக்காக மட்டும் ரெண்டு மடங்கு காசு கொடுக்கும்போது உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்து கொடுங்கள்.

சிந்தடிக்கின் உண்மையான பலம் ரெண்டு இடத்தில். ஒன்று குளிர். 15டபிள்யூ ஆயிலை மைனஸ் 20 டிகிரியிலும், 5டபிள்யூ ஆயிலை மைனஸ் 30-லும் கிராங்க் ஆகிறதா என்று சோதிப்பார்கள். நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் மார்கழிக் காலையில் எத்தனை டிகிரி என்று உங்களுக்கே தெரியும். ஆப்பிள் சீசனுக்குக் காஷ்மீர் போகிறோமே என்றால், அந்தக் குளிருக்கும் 15டபிள்யூ தாங்கும். லடாக் குளிர்காலம் என்றால் சரி, ஆனால் அங்கே ஆயிலுக்கு முன்னால் டீசலே உறைந்துவிடும். 2019-ல் இந்தியன் ஆயில் அதற்கென்றே மைனஸ் 33 வரை ஓடுகிற குளிர்கால டீசலைக் கொண்டுவந்தது அதனால்தான்.

இன்னொன்று சூடு, முக்கியமாக டர்போ. முழு லோடில் தொப்பூர் கணவாய் ஏறி, மேலே வந்ததும் டீக்கடை ஓரமாக நிறுத்திச் சட்டென்று ஆஃப் செய்தால் டர்போவுக்குள் நிற்கிற ஆயில் வெந்து கரியாகும். சிந்தடிக் இதை மினரலைவிட நன்றாகத் தாங்கும், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் மூன்று நிமிஷம் ஐட்லிங்கில் விட்டு நிறுத்தச் சொல்லி டிரைவரைப் பழக்கினால் அதே பலன் கிட்டத்தட்ட இலவசமாகக் கிடைக்கும். டிரைவர் கேட்க மாட்டார் என்றால் அது ஆயிலால் தீர்கிற பிரச்சினை இல்லை.

இனிமேல்தான் காசு. உங்கள் கேள்விக்குப் பதிலே இங்கேதான் இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

கணக்குக்காக மினரல் லிட்டர் 350 ரூபாய், சிந்தடிக் 800 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம், உங்கள் ஊர் விலையை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். ஃபில்டரோடு சேர்த்து 15 லிட்டர் பிடிக்கிறது என்று வையுங்கள். இப்போது 18,000-க்கு ஒரு தடவை 15 லிட்டர், நடுவில் டாப்-அப் 9 லிட்டர், மொத்தம் 24 லிட்டர், 8,400 ரூபாய். கிலோமீட்டருக்கு 47 பைசா. சிந்தடிக் ஊற்றினால் டாப்-அப்பும் அதே சிந்தடிக்தான் ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் காசு கொடுத்ததற்கு அர்த்தம் இல்லை. டாப்-அப்புக்கு மட்டும் கிலோமீட்டருக்கு 40 பைசா போய்விடுகிறது. மிச்சம் இருக்கிற ஏழு பைசாவுக்குள் 12,000 ரூபாய் ஆயிலை அடக்க வேண்டும் என்றால் ஒரு தடவை ஊற்றியதை 1,80,000 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். ஒரு லட்சத்து எண்பதாயிரம்! கடைக்காரர் சொன்னது 40,000.

இதே கணக்கை ஆயிலே குடிக்காத எஞ்சினுக்குப் போட்டால் சுமார் 41,000-ல் சரிக்குச் சரி வந்துவிடும். அதாவது கடைக்காரர் பொய் சொல்லவில்லை, அவர் சொல்வது ரிங் தேயாத, ஆயில் குடிக்காத எஞ்சினுக்கு. ஆயில் குடிக்கிற எஞ்சினுக்கு விலை கூடின ஆயில் என்பது ஓட்டைக் குடத்தில் பால் ஊற்றுகிற மாதிரி.

டீசல் மிச்சமாகுமே என்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான், ஏனென்றால் லாரியில் ஆயிலைவிட டீசல்தான் பெரிய செலவு. லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுக்கிற வண்டி 18,000-க்கு 4,500 லிட்டர் குடிக்கும். அதில் ஒரு சதவீதம் மிச்சம் என்றால் 45 லிட்டர், நாலாயிரம் ரூபாய்க்கு மேல். சின்னத் தொகை இல்லை. ஆனால் டீசலை மிச்சம் பிடிக்கிறது என்று சொல்கிற ஆயில்கள் சூட்டிலும் இளக்கமாக இருக்கிற 30 கிரேடு ஆயில்கள். அதிலும் எஃப்ஏ-4 என்று ஒரு தரம் 2016 டிசம்பரில் வந்தது, புது எஞ்சின்களுக்கென்றே செய்தது, அதை உங்கள் எஞ்சினில் ஊற்றவே ஊற்றாதீர்கள். 15டபிள்யூ-40-லிருந்து 5டபிள்யூ-40-க்கு மாறினால் சூட்டில் ரெண்டும் ஒரே கனம் என்று மேலே சொன்னேன் அல்லவா, நாள் முழுக்க ஹைவேயில் சூடாகவே ஓடுகிற லாரியில் கிடைக்கிற மிச்சம் ரொம்பச் சொற்பம். டயரில் காற்று சரியாக இருந்தால் அதைவிட அதிகமாகக் கிடைக்கும்.

40,000 வரை தொடாதே என்பதில் எனக்கு இருக்கிற பெரிய பயம் காசு இல்லை, அழுக்கு. டீசல் எஞ்சினில் ஆயில் பெரும்பாலும் அழுக்கு சேர்ந்துதான் சாகிறது, அலுத்துப்போய்ச் சாவது குறைவு. கரி, தூசி, நாசில் சரியில்லாமல் இறங்குகிற டீசல். இது எதையும் சிந்தடிக் தடுக்காது, தூசிக்கு எது மினரல் எது சிந்தடிக் என்று தெரியாது. தெரிந்தவர் ஒருவருடைய வண்டியில் ஆயில் சாம்பிள் எடுத்து லேபுக்கு அனுப்பினோம். சிலிக்கான் எக்கச்சக்கம், கூடவே இரும்பும். சிலிக்கான் என்றால் மண். ஏர் ஃபில்டர் புதுசு, அப்படியும் மண் எங்கே இருந்து வருகிறது? ஏர் கிளீனரிலிருந்து டர்போவுக்குப் போகிற ரப்பர் ஹோஸைக் கழற்றினால், கிளாம்ப் உட்காருகிற இடத்துக்கு அடியில், வெளியே இருந்து பார்த்தால் தெரியாத ஒரு கீறல். ஹோஸுக்குள் விரலை விட்டுத் துடைத்தேன், விபூதி மாதிரி நைசாக ஒட்டிக்கொண்டு வந்தது. அந்த எஞ்சினில் உலகத்தின் சிறந்த ஆயிலை ஊற்றியிருந்தாலும் ரிங் தேய்ந்துதான் இருக்கும். உங்கள் வண்டி 2,000-க்கு ஒரு லிட்டர் குடிக்கிறதே, அந்த ஹோஸை ஒரு தடவை கழற்றிப் பாருங்கள்.

லேபுக்கு அனுப்ப வசதி இல்லையென்றால் பழைய சொட்டு வைத்தியம் இருக்கிறது. எஞ்சின் சூடாக இருக்கும்போது டிப்ஸ்டிக்கிலிருந்து ஒரே ஒரு சொட்டை ஃபில்டர் பேப்பரில் விட்டு, கீழே எதுவும் படாமல் ஒரு டம்ளர் வாய் மேல் வைத்துவிடுங்கள். மறுநாள் பாருங்கள். கறுப்பு நடுவிலிருந்து மெதுவாக மங்கிக்கொண்டே வெளியே பரவியிருந்தால், கரியைத் தாங்கிப் பிடிக்கிற சத்து ஆயிலில் இன்னும் இருக்கிறது. நடுவில் மைப்பொட்டு மாதிரி கறுப்பு அப்படியே நின்று, அதைச் சுற்றி வெறும் எண்ணெய் வளையம் மட்டும் போயிருந்தால் அன்றைக்கே இறக்கிவிடுங்கள், எத்தனை கிலோமீட்டர் ஓடியிருந்தாலும் சரி. லேப் ரிப்போர்ட்டுக்கு இது ஈடாகாது. ஆனால் குருட்டுக் கணக்குக்கு இது மேல்.

இதில் உங்களுக்கு நல்ல செய்தி ஒன்று இருக்கிறது, யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். உங்கள் வண்டி வந்தபோது பாரத் ஸ்டேஜ் 2 டீசல், கந்தகம் 500 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 500 பங்கு. அப்புறம் 350, அப்புறம் 50, 2020 ஏப்ரலிலிருந்து நாடு முழுக்க 10. கந்தகம் எரிந்து அமிலமாகி ஆயிலில் இறங்கும், அதை முறிக்கிற காரச் சத்து ஆயிலில் தீர்ந்துபோகும். பழைய காலத்து மாற்றுக் கெடு எல்லாம் அந்தப் பழைய டீசலுக்குப் போட்ட கணக்கு. இன்றைய டீசலில் அந்தக் காரம் அவ்வளவு சீக்கிரம் கரையாது. அதனால் சிந்தடிக்குக்குப் போகாமலே, 18,000-ல் இறக்குகிற மினரல் ஆயிலை ஒரு தடவை சோதித்துப் பார்த்தால், அது இன்னும் சில ஆயிரம் ஓடியிருக்கும் என்று வந்தாலும் வரலாம். சோதிக்காமல் நீட்டாதீர்கள்.

ஆகவே என் சிபாரிசு, மினரல் 15டபிள்யூ-40, ஆனால் டப்பாவில் சிஐ-4 பிளஸ் என்று இருக்க வேண்டும். சிகே-4 கிடைத்தாலும் சரி, பழைய எஞ்சினுக்கும் பொருந்தும் என்றுதான் அதைச் செய்திருக்கிறார்கள். விலை குறைவு என்று இன்னும் சில கடைகளில் சிஎஃப்-4 தள்ளுவார்கள். அது 1990-ல் வந்த தரம். மினரலா சிந்தடிக்கா என்பதைவிட இந்த எழுத்துக்குத்தான் நான் அதிக மரியாதை கொடுப்பேன், ஏனென்றால் எஞ்சினைச் சுத்தமாக வைக்கிற மருந்தெல்லாம் அதில்தான் அடங்குகிறது. ஊற்றி முடித்த கேனை ஸ்க்ரூடிரைவரால் குத்திவிட்டுப் போடுங்கள். குத்தாத கேனில் போலி ஆயில் ரொம்பித் திரும்ப வரும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இவ்வளவு சொல்லியும் சிந்தடிக்தான் என்றால், தடுக்க மாட்டேன். பட்டறையில் மண்ணெண்ணெய் ஊற்றி ஐட்லிங்கில் ஓட்டிக் கழுவுகிறேன் என்பார்கள், ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்தத் தண்ணி மாதிரி கலவையில் டர்போ பேரிங் சுற்றுவதை நினைத்தாலே எனக்கு வயிறு கலங்கும், போதாததற்கு அடியில் படிந்த கசடு கட்டியாகப் பெயர்ந்து, ஆயிலை உறிஞ்சுகிற இடத்தில் இருக்கிற ஸ்டிரெய்னர் வலையில் போய் அடைக்கும். சூடாக இருக்கும்போது நன்றாக வடிய விட்டு, ஃபில்டருக்குள் ஆயிலை ரொப்பி மாட்டி, முதல் தடவை 5,000-லேயே இறக்கிவிடுங்கள். கழற்றின ஃபில்டரைத் தூக்கிப் போடாதீர்கள். ரம்பத்தால் அறுத்தால் அறுத்த தூள் உள்ளே விழுந்து ஏமாற்றும், தகடு வெட்டுகிற கத்திரியால் திறந்து, உள்ளே இருக்கிற காகிதத்தை விரித்து வெயிலில் நியூஸ்பேப்பர் மேல் போடுங்கள். கரிக்கட்டி மட்டும் இருந்தால் பயமில்லை, ஆயில் கழுவிக்கொண்டு இருக்கிறது. மினுமினுவென்று தாமிர நிறத்திலோ வெள்ளியாகவோ செதில் தெரிந்தால் பேரிங் பேசுகிறது, அப்போது ஆயிலைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

என்றைக்காவது எஞ்சினை முழுசாகப் பிரித்து ரீபோர் செய்து, அதாவது சிலிண்டரைக் கடைந்து, புது பிஸ்டன் ரிங் போட்டால், அப்போதும் முதலில் மினரல்தான். ரிங் சிலிண்டரோடு தேய்ந்து உட்கார வேண்டும். அது உட்கார்ந்து, டாப்-அப் கிட்டத்தட்ட நின்றுபோன பிறகு, மேலே போட்ட கணக்கு உங்கள் பக்கம் திரும்பும், சிந்தடிக்கும் லேப் ரிப்போர்ட்டும் சேர்ந்து காசைத் திருப்பிக் கொடுக்கும். என் கையில் இருக்கிற வண்டிகளில் அப்படி ஒன்றே ஒன்றுக்குத்தான் சிந்தடிக் ஊற்றுகிறேன்.

இப்போதைக்கு டேஷ்போர்டில் ஒரு நோட்டு வைத்து, எந்தக் கிலோமீட்டரில் எத்தனை லிட்டர் டாப்-அப் என்று டிரைவரை எழுதச் சொல்லுங்கள். ஹோஸைக் கழற்றிப் பார்த்ததில் என்ன இருந்தது, நோட்டில் என்ன கணக்கு வந்தது என்று மூன்று மாதம் கழித்து எழுதுங்கள், மேற்கொண்டு பேசலாம். குழியில் இறங்குகிறபோது பிரீதர் பைப்புக்குள்ளும் ஒரு விரலை விட்டுப் பாருங்கள்.